தூசு மனுவில் எதைக் கேட்பது?

வாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி இறங்குவது நாம் அறிந்ததே. தூசுக்கு அரிசி ஆலையில் உள்ளதுபோல் ‘சைக்ளோன்’ வைக்கச் சொல்லி மனு எழுதலாமா என்று ஜமாஅத்தில் சகோதரர்கள் கேட்டார்கள்.

சைக்ளோன் என்பது கூம்பு வடிவத் தகரக் கலம். பக்கவாட்டில் நுழையும் காற்று உள்ளே சுழலும். கனத்த தூசு சுவரில் ஒதுங்கிக் கீழே இறங்கும். காற்று நடுவழியே மேலேறிப் போகும். தவிடு இப்படித்தான் பிடிபடுகிறது. ஆனால் குழாய்க்குள் வரும் காற்றுக்குத்தான் அது உதவும், திறந்தவெளிக் குவியலுக்கு அல்ல. நுரையீரலின் ஆழம்வரை போகிற, 2.5 மைக்ரானுக்கும் சிறிய தூசோ சைக்ளோனிலும் பெரும்பாலும் தப்பிவிடும். அதற்குத் துணிப்பை வடிகட்டி வேண்டும்.

ஆகவே மனுவில் தண்ணீர் தெளிப்பு, காற்றுத் தடுப்பு வேலி, தார்ப்பாய் மூடிய லாரி என்றே எழுதுவோம். இளைப்புள்ள பிள்ளைகளுக்காக, நுண்தூசை நம் தெருவிலேயே அளக்கவும் கேட்போம். கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்பதே 24 மணி நேரத்துக்கான அரசு வரம்பு. இன்ஷா அல்லாஹ், ஜும்ஆவுக்குப் பின் கையெழுத்து வாங்குகிறோம்.