உங்களுக்குத் தெரியுமா? ஒரே காரில் இரண்டு மரை!

நந்தனத்திலிருந்து அண்ணா சாலை வழியே போனால் கூவம் கரையோரம் பழைய வாகன உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. 1961 முதல் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் 13 அங்குலச் சக்கரத்தை அங்கேதான் முதலில் விசாரிப்பார்கள்.

பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரின் கம்பிச் சக்கரம் இன்னும் வேடிக்கை. நடுவில் ஒரே பெரிய நட். இடப்பக்கத்துக்கு வழக்கமான மரை, வலப்பக்கத்துக்கு எதிர்மரை. வண்டி ஓடும்போது நட் கழன்றுவிடாமல் இறுகத்தான் இந்த ஏற்பாடு. விவரம் தெரியாமல் வலப்பக்க நட்டை வழக்கம்போல் திருகினால் கழலாது, இன்னும் இறுகும்!

துருவை மணல் பீய்ச்சி அகற்றலாம். சைக்கிள் கடையில் செய்வதுபோல் ஸ்போக்கைத் திருகிக் கோட்டமும் எடுக்கலாம். வாங்குமுன் ஸ்போக்கைத் தட்டிப் பாருங்கள்: இறுகியது கணீரென்னும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். நடுக்குழியின் பல்வரிசை தேய்ந்து கூராகியிருந்தால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.