உங்களுக்குத் தெரியுமா? பாசி மூடிய ரகசியம்
சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955) படத்தில், பக்கத்து வீட்டு மணிமாலையைத் திருடியதாகச் சிறுமி துர்காமீது பழி விழுகிறது. அவள் மறுக்கிறாள். தாயோ தலைமுடியைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளுகிறாள். பிறகொரு நாள் மழையில் நனைந்தவள், காய்ச்சலில் இறந்துபோகிறாள். குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பும்போது, மேல்தட்டில் இருந்த பழைய கிண்ணத்தைத் தம்பி அபு எடுக்கிறான். உள்ளே அதே மாலை! யாரிடமும் சொல்லாமல் குளத்தில் வீசுகிறான். விலகிய பாசி மெல்ல மூடிக்கொள்கிறது.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் மூல நாவலில் (1929) அது தங்கக் குங்குமச் சிமிழ். போய் விழுவது மூங்கில் காட்டில். பொருளும் இடமும்தான் வேறு. இறந்த அக்காவின் மானத்தைக் காக்க வாயை மூடிக்கொள்ளும் அந்தக் கணத்தில், இரண்டிலுமே அபுவின் பிள்ளைப்பருவம் முடிந்துவிடுகிறது.