களையெடுக்கும் கரங்கள்

சம்பா நடவு முடிந்து சில வாரங்கள் சென்றதும், நம் தஞ்சைத் தரணியின் வயல்களில் பெண்கள் வரிசையாகக் குனிந்து களையெடுப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். களைகளுள் சில, நெற்பயிரைப் போலவே தோற்றமளிக்கும். பழகிய கண்களே அவற்றை வேறு பிரித்து அறியும். அறியாமல் விட்டுவிட்டால், பயிருக்கு இட்ட எருவையும் பாய்ச்சிய நீரையும் களையே உண்டு கொழுத்துவிடும். மனித உடலில் தோன்றும் புற்றுநோயும் ஏறக்குறைய இத்தகையதே. அதிலும் வயிற்றுக்குள் தோன்றும் புற்றைக் களைந்தெடுக்கும் அறுவை மருத்துவரின் பணி எத்தகையது, அவருக்கு நாம் செய்யக்கூடிய உதவி எது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

புற்றுநோய் என்பது யாது?

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. பழைய அணுக்கள் மடிவதும் அவ்விடத்தில் புதியவை பிறப்பதும் ஓர் ஒழுங்கின்படி நடைபெறுகின்றன. ஏதோ ஓர் அணு இந்த ஒழுங்கை மீறித் தன் விருப்பம்போல் பெருகத் தொடங்கினால், அதுவே புற்றுக்கு வித்து. கிரேக்க மருத்துவர்கள் இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர். நம் தமிழிலோ கறையான் புற்றை நினைவூட்டும் பெயர் அமைந்துள்ளது. மேலே சிறு மேடு. கீழே எங்கெங்கோ ஓடும் வழிகள். இந்நோயின் இயல்பும் அதுவே.

வயிற்றில் இரைப்பை, பெருங்குடல், மலக்குடல், கல்லீரல், கணையம், பெண்களுக்குச் சினைப்பை எனப் பல உறுப்புகள் உள்ளன. இவை ஒவ்வொன்றிலும் புற்று தோன்றக்கூடும். வாயிலோ மார்பிலோ கட்டி தோன்றினால் கைக்குத் தட்டுப்படும். வயிறு அப்படியன்று. உள்ளே இடம் அதிகம். ஆகவே கட்டி பெரிதாகும் வரை வலி கூட இல்லாமல் இருக்கலாம். இந்த மௌனமே வயிற்றுப் புற்றின் பெரும் ஆபத்து.

மூடிக் கிடந்த அறை

அறுவை மருத்துவம் தஞ்சை மண்ணுக்குப் புதிதன்று. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் மன்னராக விளங்கிய இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை அமைத்தார். கண் நோயாளிகளின் வரலாறுகளும், அவர்களுடைய கண்களைத் தீட்டிய படங்களும் அக்காலத்திலேயே பதிவு செய்யப்பட்டன. ஆயினும் அந்நாளில் உலகில் எங்குமே மருத்துவர்கள் வயிற்றைத் திறக்க அஞ்சினர். மயக்க மருந்து இல்லை. கிருமிகளைப் பற்றிய அறிவும் இல்லை.

1846-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்க மருந்தின் பயன் பொதுவில் நிறுவப்பட்டது. 1867-இல் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் கிருமிகளைத் தடுக்கும் முறையை வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்த பிறகே வயிறு என்னும் மூடிய அறை திறந்தது. 1881 ஜனவரி 29-ஆம் நாள், வியன்னா நகரில் தியோடர் பில்ராத் என்னும் அறுவை மருத்துவர், ஒரு பெண்மணியின் இரைப்பையில் புற்றுற்ற பகுதியை வெட்டியெடுத்து, எஞ்சியதைச் சிறுகுடலோடு இணைத்தார். அவருக்கு முன் இருவர் முயன்றும் நோயாளிகள் பிழைக்கவில்லை. பில்ராத்தின் நோயாளி அறுவையிலிருந்து தேறி எழுந்தார். ஆனால் நோய் முன்பே பரவியிருந்தபடியால் ஏறத்தாழ நான்கு மாதங்களில் காலமானார். கத்தி வென்றது, காலம் தோற்கடித்தது. இப்பாடம் இன்றும் மாறவில்லை.

ஒரு தங்கையின் மரணம்

நம் தஞ்சைக்குத் தெற்கே உள்ள புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெண்கள் படிப்பதையே ஊரார் ஏளனம் செய்த நாளில், புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் பயின்று, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1920-களின் தொடக்கத்தில் அவருடைய அன்புத் தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். தமக்கையே மருத்துவராக இருந்தும் தங்கையைக் காக்க இயலவில்லை. புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை அன்று தென்னாட்டில் இல்லை.

அத்துயரத்தை அவர் கண்ணீரோடு கரைய விடவில்லை. 1925-இல் மேற்படிப்புக்காக இலண்டன் சென்றபோது, அங்கே புற்றுநோய்க்கென்றே மருத்துவமனை இயங்குவதைக் கண்டார். அத்தகைய ஒன்று நம் நாட்டிலும் எழ வேண்டும் என்று உறுதி பூண்டார். எப்படியும் இறக்கப் போகிறவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. அவர் தளரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-ஆம் நாள் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிற்று. அவருடைய மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி அங்கே அறுவை மருத்துவராகத் தம்மை அர்ப்பணித்தார். 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் மறையும் வரை அம்மருத்துவமனையையே தம் இல்லமாகக் கொண்டு உழைத்தார். 2005-இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது.

ஒரு பெண்ணின் வயிற்றுப் புற்றே இம்மாபெரும் அறநிலையத்திற்கு வித்தாயிற்று என்பதை மாணவியராகிய நாம் மறத்தலாகாது.

அறுவை மருத்துவர் செய்வது என்ன?

கத்தியை எடுக்கும் முன்பே அவருடைய பணி தொடங்கிவிடுகிறது. முதலில் நோயாளியின் சொல்லைப் பொறுமையாகக் கேட்கிறார். வயிற்றைக் கையால் அழுத்திப் பார்க்கிறார். பிறகு எண்டோஸ்கோப்பி என்னும் வளையும் குழாயை வாய் வழியாகவோ மலவாய் வழியாகவோ செலுத்தி, உள்ளிருக்கும் புண்ணைக் கண்ணாலேயே காண்கின்றனர். அங்கிருந்து கடுகளவு சதையைக் கிள்ளியெடுத்து, நோய்க்குறியியல் வல்லுநர் நுண்ணோக்கியில் ஆராய்கிறார். இதுவே பயாப்சி. அது புற்று என்று உறுதியானால், எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதை ஸ்கேன் படங்கள் காட்டும்.

அடுத்து மருத்துவர்கள் கூடி முடிவெடுக்கின்றனர். முதலில் அறுவையா, அல்லது மருந்தாலும் கதிர்வீச்சாலும் கட்டியைச் சுருக்கிய பின் அறுவையா என்பது நோய்க்கு நோய் மாறுபடும்.

அறுவை நாளன்று, மயக்க மருத்துவர் நோயாளியை உறங்கச் செய்து, நாடித்துடிப்பையும் மூச்சையும் இமை கொட்டாமல் காத்து நிற்கிறார். அறுவை மருத்துவர் வயிற்றைத் திறந்ததும் கட்டியை உடனே தொடுவதில்லை. கல்லீரலிலும் வயிற்றின் உட்சவ்விலும் நோய் சிதறியுள்ளதா என்று முதலில் தேடுகிறார். களையெடுப்பவர் தண்டை மட்டும் கிள்ளினால் அது மீண்டும் தழைக்கும் அல்லவா? அதுபோல, கட்டியை மட்டும் எடுத்தால் போதாது. அதைச் சுற்றியுள்ள நல்ல சதையில் ஒரு பகுதியையும், நோய் முதலில் பரவும் இடங்களான நெறிக்கட்டிகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இரைப்பைப் புற்றில் குறைந்தது 15 நெறிக்கட்டிகளையாவது எடுத்துச் சோதிப்பது முறை. அருகிலேயே பெரிய இரத்தக் குழாய்கள் ஓடுவதால், ஒரு நூலளவு பிசகினாலும் பேரிழப்பு நேரும்.

புற்று இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இருந்தால், அப்பகுதியை நீக்கி எஞ்சியதைச் சிறுகுடலோடு தைப்பர். மேற்பகுதியில் இருந்தால், முழு இரைப்பையையும் எடுத்துவிட்டு உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைப்பதுண்டு. இரைப்பை இன்றியும் மனிதர் உயிர் வாழ முடியும் என்பது வியப்பன்றோ! அவர்கள் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ண வேண்டும். வைட்டமின் பி-12 ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

மலக்குடல் புற்றுக்கு 1908-இல் எர்னஸ்ட் மைல்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் விரிவான அறுவை முறையொன்றை வகுத்தார். அதில் மலவாயை நீக்கி, வயிற்றில் ஒரு திறப்பை அமைத்துப் பையை இணைப்பர். இன்று பலருக்கு மலவாயைக் காப்பாற்றியே அறுவை செய்ய முடிகிறது. பை வைத்துக்கொள்ள நேர்ந்தவர்களும் வேலைக்குச் செல்லலாம். திருப்பலிக்கும் திருமணத்திற்கும் செல்லலாம். அவர்களை ஒதுக்காதிருப்பது நம் கடமை.

வயிற்றை மூடும் முன் செவிலியர் ஒவ்வொரு பஞ்சுத் துணியையும் கருவியையும் எண்ணிச் சரிபார்க்கின்றனர். அறுவை முடிந்தாலும் மருத்துவரின் கவலை முடிவதில்லை. தைத்த இடத்தில் கசிவு ஏற்படுமோ என்ற அச்சம் பல நாட்கள் நீடிக்கும். நள்ளிரவிலும் வந்து நோயாளியைப் பார்க்கிறார். சிலருக்கு அறுவை செய்தும் பயனில்லை என்று தெரியும்போது, வலியைக் குறைத்து, உணவு இறங்க வழி செய்து, உண்மையைக் கனிவோடு எடுத்துச் சொல்வதும் அவர் பணியே. கத்தியை எடுப்பதற்கு வேண்டிய துணிவு, அதைக் கீழே வைப்பதற்கும் வேண்டும்.

காலம் கடத்துவது ஏன்?

ஜப்பான் நாட்டில், இரைப்பைப் புற்று உட்சுவர் அளவில் நிற்கும்போதே கண்டு சிகிச்சை பெற்றவர்களில் 10-இல் 9 பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைக் கடந்தும் வாழ்கின்றனர். நம் நாட்டிலோ பெரும்பாலோர் நோய் முற்றிய பின்னரே மருத்துவரிடம் வருகின்றனர். ஏன்?

வயிறு உப்பினால் வாயு என்கிறோம். எரிந்தால் அல்சர் என்கிறோம். மலத்தில் இரத்தம் போனால் மூலச்சூடு என்று எண்ணி மோர் குடிக்கிறோம். பெண்களோ இதை வாய்விட்டுச் சொல்லவே நாணுகின்றனர். “நடவு முடியட்டும், அறுவடை ஆகட்டும், பொங்கல் கழியட்டும்” என்று நாள் தள்ளுகின்றனர். குறுவைக்கும் சம்பாவுக்கும் காலம் உண்டு, புற்றுக்கு இல்லை.

கத்தி பட்டால் புற்று பரவும் என்பது மற்றொரு தவறான அச்சம். பரவிய பின் கத்தியிடம் வருவதால் எழுந்த பேச்சே அது. புற்றுநோய் தொற்று நோயும் அன்று. நோயாளிக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைப்பது அறியாமை. வேளாங்கண்ணிக்கு நடந்து சென்று ஆரோக்கிய அன்னையிடம் மன்றாடுவோர் நம் ஊர்களில் பலர். மன்றாட்டும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. வேண்டுதல் வைப்போம், அதே வாரத்தில் மருத்துவரையும் காண்போம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

1. காரணமின்றி எடை குறைதல். சிறிது உண்டதும் வயிறு நிறைந்துவிடுதல்.
2. உணவு விழுங்கத் தடை, ஓயாத வாந்தி.
3. மலம் தார் போல் கறுத்தல் அல்லது மலத்தில் இரத்தம் கலத்தல்.
4. மலங்கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருத்தல்.
5. நடுவயதுக்கு மேல் காரணம் தெரியாத இரத்தசோகை.
6. வலியில்லாத மஞ்சள்காமாலை.
7. பெண்களுக்கு நாளுக்கு நாள் வயிறு பெருத்தல்.

இவை எல்லாம் புற்று என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் வேறு எளிய காரணமே இருக்கும். ஆனால் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் சோதித்தே ஆக வேண்டும்.

வருமுன் காப்போம்

புகையிலையை எவ்வடிவிலும் விலக்க வேண்டும். நம் பக்கத்தில் விருந்துக்குப் பின் கும்பகோணம் கொழுந்து வெற்றிலை போடுவது வழக்கம். அதனுடன் சேரும் புகையிலையும் பாக்கும் புற்றை விளைவிப்பவை. கருவாடு, உப்புக்கண்டம், ஊறுகாய் ஆகியவற்றை அளவோடு கொள்க. கீரையும் காயும் கனியும் மிகுதியாக உண்க. ஆஸ்திரேலிய மருத்துவர்களான வாரன், மார்ஷல் இருவரும் 1982-இல் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியைக் கண்டறிந்து, அதற்காக 2005-இல் நோபெல் பரிசு பெற்றனர். ஹெலிகோபாக்டர் என்னும் அக்கிருமி இரைப்பைப் புண்ணுக்கும் புற்றுக்கும் காரணமாகிறது. மருந்தால் அதை ஒழிக்கலாம். தூய குடிநீரும் கை கழுவும் பழக்கமும் பல நோய்களுக்குத் தடை. பெருங்குடலில் தோன்றும் சிறு முளைகள் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுகள் வரை ஆகும். அதற்குள் கண்டால் குழாய் வழியாகவே அகற்றிவிடலாம்.

மாணவியருக்கு ஒரு வேண்டுகோள்

முன்பு இந்நோய்க்காக நம் மக்கள் சென்னைக்கோ வேலூருக்கோ இரவு இரயிலேற வேண்டியிருந்தது. 1959-இல் தஞ்சை மருத்துவக் கல்லூரி தோன்றிய பின், முதற் சோதனைக்கேனும் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் அறுவையும் அடங்கும். ஆகவே பணமில்லை என்று வீட்டிலேயே முடங்கிக் கிடக்கத் தேவையில்லை.

அன்பு மாணவியரே! நம் இல்லங்களில் எல்லோரும் உண்ட பின் கடைசியாக உண்பவர் அம்மா. அவர் தட்டில் சோறு குறைவதையும், இரவிக்கை தளர்வதையும், படியேறும்போது மூச்சு வாங்குவதையும் முதலில் காணக்கூடியவர்கள் நீங்களே. கண்டால் பேசாமல் இராதீர்கள். “அம்மா, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம், நானும் வருகிறேன்” என்று சொல்லுங்கள். எவ்வளவு தேர்ந்த அறுவை மருத்துவராலும், தம்மிடம் வராத நோயாளியைக் காப்பாற்ற முடியாது. களை இளசாக இருக்கும்போதே காட்டிக் கொடுப்பது நம் கையில் உள்ளது. உங்களில் சிலரேனும் முத்துலட்சுமி அம்மையாரின் வழியில் மருத்துவம் பயின்று, நம் காவிரிக்கரை மக்களுக்குப் பணியாற்ற முன்வர இறைவன் அருள்புரிவாராக!