கரிசல் வட்டாரத்தில் வீட்டுக் குளிர்சாதனத் தேர்வு

வீட்டுக் குளிர்சாதனத் தேர்வு என்பது ஓர் ஊரின் தட்பவெப்பம், வீட்டின் அமைப்பு, தண்ணீர் வசதி, மின்கட்டணம், பழுதுநீக்கும் வசதி ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு மின்விசிறி, ஏர் கூலர், ஏ.சி. ஆகியவற்றுள் பொருத்தமானதைத் தெரிந்தெடுப்பதாகும். தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டியையும் அதைச் சுற்றியுள்ள கரிசல் வட்டாரத்தையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அதை விளக்குகிறது. கடைக்குள் நுழைந்ததும் “எந்தக் கம்பெனி நல்லது?” என்றே பலரும் கேட்கிறார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி.

வட்டாரத்தின் வெப்பம்

கோவில்பட்டி மழை மறைவுப் பகுதியில் உள்ளது. பங்குனி முதல் வைகாசி வரை வெயில் கடுமையாக இருக்கும். ஆனி, ஆடியில் வீசும் மேல்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறத்தில் மழையைக் கொட்டிவிட்டு வருவதால் இங்கு வறண்ட காற்றாகவே வந்து சேர்கிறது. அருகிலுள்ள கயத்தாறு பகுதியில் காற்றாலைகள் நிற்பது இக்காற்றின் வலுவால்தான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே இங்கு முதன்மையான மழை.

மார்கழி இரவிலும் இங்கு வீட்டைச் சூடாக்கும் கருவி தேவைப்படுவதில்லை. குளிர்விப்பதோடு அறையைச் சூடாக்கவும் செய்யும் ஏ.சி. மாதிரிகள் ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களுக்குப் பயன்படும். கோவில்பட்டிக்காரர் அந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

முதலில் கூரை

கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி, இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் விடுகிறது. மேல்தளத்தில் படுப்பவர்களுக்கு நள்ளிரவு வரை புழுக்கம் இருப்பது இதனால்தான். மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சோ அடிப்பது, தட்டோடு பதிப்பது, மேற்குச் சன்னலுக்கு வெளியே தட்டி கட்டுவது ஆகியவை உள்ளே வரும் சூட்டைக் குறைக்கும். இவற்றைச் செய்த பிறகு ஏ.சி. வாங்கினால் சிறிய அளவே போதுமானதாகலாம்.

ஏர் கூலரும் தண்ணீர்க் கணக்கும்

மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் ஏர் கூலர் குளிர்விப்பதும் ஒரே விதியால்தான். தண்ணீர் ஆவியாகும்போது சுற்றுப்புற வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு நன்றாக இது நடக்கும். 38 பாகை வெப்பமும் 30 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றை நல்ல கூலர் ஏறத்தாழ 27 பாகைக்குக் கொண்டுவரும். 34 பாகை வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் அதே கூலர் 30 பாகைக்குக் கீழே இறக்குவது கடினம். ஆகவே கோவில்பட்டியின் வறண்ட பகல்களில் நன்கு வேலை செய்யும் கூலர், தூத்துக்குடிக் கடற்கரையில் அவ்வளவு பயன் தராது.

கூலர் ஓடும்போது சன்னல் திறந்திருக்க வேண்டும். மூடிய அறையில் ஈரம் தேங்கிப் பிசுபிசுப்புத்தான் மிஞ்சும்.

வீட்டுக் கூலர் பொதுவாக 150 முதல் 200 வாட் மின்சாரத்தில் ஓடும். ஆனால் அதற்குத் தண்ணீர் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. அந்தக் கணக்குப்படி ஒரு டன் ஏ.சி. ஒரு மணி நேரத்தில் நீக்கும் வெப்பத்துக்கு ஈடாக 5 லிட்டருக்கு மேல் ஆவியாக வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு அது 40 லிட்டரைத் தாண்டும். ஏறக்குறைய மூன்று குடம். குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக் காத்திருக்கும் வீடுகளுக்கு இது சிறிய செலவன்று. உப்புத் தண்ணீர் ஊற்றினால் கூலரின் பட்டைகளில் உப்புப் படிந்து காற்றோட்டம் குறையும். அவற்றை அடிக்கடி மாற்ற நேரும்.

ஏ.சி.யின் அளவு

1902 இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி அச்சகம் ஒன்றுக்காக வில்லிஸ் கேரியர் வடிவமைத்த கருவியே இன்றைய ஏ.சி.யின் முன்னோடி. காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் போனதைச் சரிசெய்யவே அது அமைக்கப்பட்டது. சிவகாசி அச்சகத்தாருக்கு இந்தச் சிக்கல் நன்கு தெரிந்ததே.

ஏ.சி.யில் ‘டன்’ என்பது எடையைக் குறிப்பதன்று. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எடுத்துக்கொள்ளும் வெப்பமே அந்த அளவு. அது ஏறத்தாழ 3.5 கிலோவாட். பொதுவாக 100 முதல் 120 சதுர அடி அறைக்கு ஒரு டன்னும், 150 முதல் 180 சதுர அடி அறைக்கு ஒன்றரை டன்னும் போதும். மேல்தள அறை, மேற்குச் சுவர், ஆள் கூட்டம் ஆகியவை இருந்தால் அளவைச் சற்றுக் கூட்ட வேண்டும்.

நட்சத்திரக் குறியைப் படித்தல்

இந்தியாவில் மின்கருவிகளுக்கான நட்சத்திரக் குறித் திட்டம் 2006 இல் தொடங்கியது. 2002 இல் அமைக்கப்பட்ட எரிசக்தித் திறன் செயலகம் அதை நடத்துகிறது. ஏ.சி.யின் குறியில் நட்சத்திரங்களைவிட ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண் முக்கியமானது. ஓர் ஆண்டில் நீக்கும் வெப்பத்தை, அதற்குச் செலவான மின்சாரத்தால் வகுத்தால் கிடைப்பது அது. ஆண்டுக்கு 1,600 மணி நேரப் பயன்பாட்டை வைத்து அது கணக்கிடப்படுகிறது.

சான்றாக, ஓர் அறையிலிருந்து ஆண்டுக்கு 4,000 யூனிட் வெப்பத்தை நீக்க வேண்டுமெனக் கொள்வோம். எண் 4 உள்ள ஏ.சி.க்கு 1,000 யூனிட் மின்சாரம் செலவாகும். எண் 5 உள்ளதற்கு 800 யூனிட். மிச்சம் 200 யூனிட். இதை வீட்டு மின்கட்டணத்தால் பெருக்கினால், கூடுதலாகக் கொடுத்த விலை எத்தனை ஆண்டுகளில் திரும்பும் என்பது தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதாலும், யூனிட் கூடும்போது கட்டணமும் படிப்படியாக ஏறுவதாலும், கோடையில் மிச்சமாகும் யூனிட்டுகள் மேல்படிக் கட்டணத்திலிருந்தே கழியும்.

நட்சத்திர அளவுகோல் அவ்வப்போது உயர்த்தப்படுகிறது. 2018 இல் ஐந்து நட்சத்திரத்துக்கு 4.5 போதுமாயிருந்தது, 2022 ஜூலை முதல் 5.0 தேவைப்பட்டது. எனவே பழைய இருப்பை ‘ஐந்து நட்சத்திரம்’ என்று விற்றால், குறியில் உள்ள ஆண்டையும் பார்க்க வேண்டும்.

கரிசல் மண்ணும் கருவியும்

கரிசல் மண் ஈரத்தில் உப்பும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். வெளி அலகைத் தரையில் சிறு மேடை கட்டி வைத்தால் நாளடைவில் சாயக்கூடும். சுவரில் உறுதியான தாங்கியில் பொருத்துவது நல்லது. சுவர் வெடிப்பு வழியாகக் குளிர்ந்த காற்று வெளியேறாமல் அடைக்க வேண்டும். நில இணைப்புக் குழியைக் கோடையில் காயவிடக் கூடாது; மண் சுருங்கி விலகினால் பாதுகாப்பும் குறையும். மேல்காற்றுக் காலத்தில் வெளி அலகின் தகடுகளில் புழுதி அடைத்துக்கொள்ளும். அது சூட்டை வெளியேற்ற முடியாமல் திணறி மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்கும். சுருள் செம்பாக இருந்தால் ஓட்டை விழுந்தாலும் உள்ளூரில் பற்றவைக்க எளிது.

கம்பெனிப் பெயர்

புளூஸ்டார் 1943 இலும் வோல்டாஸ் 1954 இலும் தொடங்கிய இந்திய நிறுவனங்கள். டைக்கின் ஜப்பானியது, எல்.ஜி., சாம்சங் கொரியாவைச் சேர்ந்தவை. பெயர் அப்படியே இருக்க உரிமையாளர் மாறுவதும் உண்டு: லாயிடு நிறுவனத்தின் வீட்டுக் கருவிப் பிரிவை 2017 இல் ஹேவல்ஸ் வாங்கியது. ஆகவே பழைய பெயர் என்பது மட்டுமே தரத்துக்குச் சான்றாகாது. கடையில் கேட்க வேண்டியவை:

1. பழுதுபார்ப்பவர் கோவில்பட்டியிலேயே இருக்கிறாரா, திருநெல்வேலியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வர வேண்டுமா?
2. பத்தாண்டு உத்தரவாதம் கம்ப்ரசருக்கு மட்டுமா? மின்னணுப் பலகைக்கும் வாயு நிரப்புவதற்கும் எத்தனை ஆண்டு?
3. எவ்வளவு குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும்? ஸ்டெபிலைசர் தேவையா?
4. வெளிவெப்பம் எத்தனை பாகை வரை தாங்கும்?
5. வாயு எது? ஆர்-410ஏ வாயுவைவிட ஆர்-32 புவி வெப்பமாதலுக்குக் குறைவாகவே காரணமாகிறது.

யாருக்கு எது

அறை வெப்பம் 40 பாகையைத் தாண்டினால் மின்விசிறி மட்டும் போதாது. அது சூடான காற்றையே உடம்பின் மேல் வீசும். முதியோர், கைக்குழந்தைகள், இதய நோயாளிகள் உள்ள வீட்டில் ஓர் அறையையாவது குளிர்விப்பது உயிர்காக்கும் செலவு. தண்ணீர் கிடைக்கும் வீட்டுக்குக் கூலர் போதும். தண்ணீர் இல்லாத வீட்டுக்கும், மழைக்காலப் புழுக்கம் தாங்காதவர்களுக்கும் ஏ.சி. ஏற்றது. அதிலும் வீடு முழுவதற்கும் வாங்காமல், எல்லோரும் சேர்ந்து படுக்கும் ஓர் அறைக்கு நல்ல ஐ.எஸ்.இ.இ.ஆர். எண் உள்ள ஒன்றை வாங்கி, 26 பாகையில் வைத்து, மின்விசிறியையும் மெதுவாக ஓடவிடுவது நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும்.