உள்ளம் உருக்கும் பாட்டு

பண்பொழி என்னும் ஊர்ப்பெயரைக் கேட்போர், பண்ணைப் பொழியும் ஊரென்றே பொருள் கொள்வர். பைம்பொழில் என்பதே அதன் பழம்பெயர் என்பர் அறிந்தோர். ஆயினும் பாட்டுக்கும் இவ்வட்டாரத்துக்கும் உறவு உண்டு. தக்கலையில் அடங்கியிருக்கும் ஞானி பீர் முஹம்மது அப்பா (ரஹ்) அவர்கள், பண்பொழிக்கு அண்மையிலுள்ள தென்காசியில் பிறந்தவர்களே.

அன்பார்ந்த வாசகர்களே! மீலாது மேடைகளுக்குப் பாட்டெழுத விரும்பும் இளைஞர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். கேட்போர் கண் கலங்கும்படி எழுதுவது எங்ஙனம் என்பதே அவர்கள் வினா. எதுகை மோனையும் நல்ல மெட்டும் அமைந்தால் போதுமென எண்ணுகின்றனர். அவை வேண்டியவையே, ஆனால் அவை மட்டும் போதா.

13ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த இமாம் பூஸிரி (ரஹ்) அவர்களை எண்ணிப் பாருங்கள். பதவியில் இருந்தோரைப் புகழ்ந்து பாடிப் பழகிய நாவு அவர்களுடையது. பக்கவாதம் பாதி உடலை முடக்கியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது ஒரு கஸீதா யாத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் கனவில் தோன்றித் தம் போர்வையைப் போர்த்தியருள, இமாம் அவர்கள் நலம் பெற்று எழுந்ததாகக் கூறுவர். அதுவே நம் இல்லங்களில் ஓதப்பெறும் புர்தா ஷரீப்.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். நாயகத்தின் புகழைத் தொடங்குமுன், தம் நஃப்ஸின் குறைகளைக் கூறி வருந்துகிறார்கள் இமாம் அவர்கள். ஓதுகின்ற ஒவ்வொருவரும் அவ்வருத்தத்தைத் தமதாக்கிக் கொள்கின்றனர். கண்ணீர் பிறக்கும் இடம் அதுவே. புகழ்மொழிகளை அடுக்கினால் கேட்போர் வியப்பர். தன்னையே ஏழையாக நிறுத்தி இறைஞ்சினால் உருகுவர்.

இதில் ஓர் அச்சமும் உண்டு. தாம் செய்யாததைச் சொல்லும் கவிஞரைத் திருக்குர்ஆன் ‘அஷ்ஷுஅரா’ அத்தியாயத்தின் இறுதியில் கண்டிக்கிறது. ஈமான் கொண்டு நற்செயல் புரிந்து, அல்லாஹ்வை மிகுதியாக நினைவுகூர்வோருக்கு விலக்கும் அளிக்கிறது. பிறரை அழவைத்த பாடலாசிரியன் தான் பஜ்ர் தொழுகையைத் தவறவிட்டால், அப்பாட்டே அவனுக்கு எதிராகச் சாட்சி கூறாதா?

பீர் முஹம்மது அப்பா அவர்கள் தறி நெய்து உண்டவர்கள் என்பர். அவர்களின் ‘ஞானப்புகழ்ச்சி’, ரஜப் மாதந்தோறும் தக்கலையில் இரவு முழுவதும் பாடப்பெறுகிறது. நெய்வோர் அறிவர்: பாவு உறுதியாயிருந்தால்தான் ஊடை நிற்கும். பாட்டுக்கு வாழ்வே பாவு, சொல் ஊடை.

ஆகவே இளைஞர்களே! உங்கள் பாட்டி கேட்டதும் விளங்கும் சொற்களால் எழுதுங்கள். எழுதியதைத் தனிமையில் துஆவாக ஓதிப் பாருங்கள். உங்கள் நெஞ்சு அசையாத அடியை நீக்கிவிடுங்கள். எஞ்சியது ஈரடியே ஆயினும் அதுவே பாட்டு.

சொல்லும் செயலும் ஒன்றாகும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.