அரை லிட்டர் பால்: வேட்பாளரின் தொழிலை வாசித்தல்

வேட்பாளர் அறிமுகத்தில் பெயருக்கு அடுத்து வருவது தொழில். டாக்டர், வக்கீல், வாத்தியார். ‘படிச்ச ஆளு, நாலு பேருக்கு நல்லது செய்வாரு’ என்ற நம்பிக்கையை அந்த ஒற்றைச் சொல்லே உற்பத்தி செய்துவிடுகிறது. தொழில் இங்கே வெறும் நற்சான்றிதழ். இதை வேறுமாதிரியும் வாசிக்கலாம். அந்தத் தொழில் அவருக்கு எதைக் காட்டியது? காட்டியதில் எவ்வளவு அவரது திட்டத்துக்குள் வந்தது? சிலி நாட்டின் சால்வடோர் அலெண்டேயை வைத்து இதைப் பார்க்கலாம்.

அலெண்டே மருத்துவர். அரசியல் ஈடுபாடு காரணமாகப் பல வேலைகள் மறுக்கப்பட்டு, வால்பரைசோ நகரில் பிணப்பரிசோதனை செய்யும் வேலையில் இருந்தவர். 1930களின் சிலியில், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 200க்கும் மேற்பட்டவை ஓராண்டு முடியுமுன் செத்தன. 1939இல் சுகாதார அமைச்சரானபோது சிலியின் மருத்துவ - சமூக யதார்த்தம் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். சிசு மரணம், காசநோய், தொழில்சார் நோய்கள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் விளக்கம் உடம்போடு நிற்கவில்லை. கூலிக்கும் வீட்டுக்கும் சோற்றுக்கும் நிலத்துக்கும் போகிறது. நோயை உற்பத்தி செய்வது சமூக அமைப்பு எனில், வைத்தியம் மருந்துச்சீட்டில் முடிந்துவிடாது.

1952, 1958, 1964 ஆகிய மூன்று அதிபர் தேர்தல்களிலும் தோல்வி. 1970இல் கம்யூனிஸ்ட் வேட்பாளரான கவிஞர் பாப்லோ நெரூதா இவருக்காக விலகிக்கொண்டார். 36.6 சதவீத வாக்கோடு முதலிடம். பிறகு நாடாளுமன்றம் உறுதிசெய்தது. அவரது கூட்டணி அறிவித்த முதல் 40 நடவடிக்கைகளில் ஒன்று: ஒவ்வொரு குழந்தைக்கும் நாள்தோறும் அரை லிட்டர் பால்.

கேட்டால் சின்ன விஷயமாகத்தான் தோன்றும். தேர்தல் இலவசம் என்று ஒதுக்கிவிடவும் முடியும். ஆனால் பாலுக்கு மாடு வேண்டும், மாட்டுக்கு நிலம் வேண்டும். பால்பவுடர் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி வேண்டும். நிலம் பண்ணையாரிடம், அந்நியச் செலாவணி ஈட்டிய தாமிரச் சுரங்கங்களில் பெரியவை அமெரிக்கக் கம்பெனிகளின் பிடியில். நிலச்சீர்திருத்தமும் தாமிர தேசியமயமும் (1971 ஜூலையில் நாடாளுமன்றம் அதை ஒருமனதாக நிறைவேற்றியது) அதே திட்டத்தில் இருந்தது தற்செயல் அல்ல. பாலைப் பிரித்தெடுத்துப் படித்தால் அது தர்மம். சேர்த்துப் படித்தால் அரசியல்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. தொழில் என்பது பார்வை மட்டுமல்ல, ஒரு வர்க்க நலனும்கூட. 1972 அக்டோபரில் லாரி முதலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, அலெண்டே ஒருகாலத்தில் தலைவராக இருந்த மருத்துவர் கழகமே அவருக்கு எதிராக அதில் சேர்ந்துகொண்டது. அதே பிணவறைகளையும் அதே குழந்தைகளையும் பார்த்த டாக்டர்கள்தாம் அவர்களும். 1973 செப்டம்பர் 11 ராணுவப் புரட்சியில் அரசு வீழ்ந்தது. அதிபர் மாளிகையிலேயே அலெண்டே இறந்தார்.

ஆகவே, ‘டாக்டர்’ என்ற சொல் தானாக எதையும் உத்தரவாதம் செய்வதில்லை. வேட்பாளர் என்ன வேலை பார்த்தார் என்பதோடு நின்றுவிடாமல், அந்த வேலையில் தன் சகாக்களின் நலனுக்கு எதிராக எதைப் பேசத் துணிந்தார் என்றும் கேட்டாக வேண்டும்.