மீன் படகுக்கு எவ்வளவு சக்தியுள்ள மோட்டார்?

ஏரிக் குத்தகை எடுத்து மீன் வளர்ப்பவர்கள், தீவனம் போடவும் வலை எடுக்கவும் துடுப்புப் படகிலேயே ஒரு சிறு மின்சார மோட்டாரைப் பொருத்திக் கொள்ளலாம். ‘டிராலிங் மோட்டார்’ என்பது இதன் பெயர். தூண்டிலை நீரில் இழுத்தபடி மெதுவாகப் போவதற்கென அமெரிக்காவில் வந்த சாதனம் இது. பாட்டரியில் ஓடும், சத்தம் இல்லை, தண்ணீரில் டீசல் கலக்காது. ஆனால் சக்தி போதாத மோட்டாரை வாங்கியவர், காற்று தள்ளும் திசையில் சுகமாகப் போய்விட்டு, திரும்ப முடியாமல் நடு ஏரியில் நிற்க நேரிடும்.

கிணற்று மோட்டாரைப் போல இதற்குக் குதிரைசக்திக் கணக்குப் பார்ப்பதில்லை. தண்ணீரைத் தள்ளும் விசையைப் பவுண்டில் குறிப்பிடுகிறார்கள். ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். பொதுவான கணக்கு, 45 கிலோ எடைக்கு 2 பவுண்டு விசை.

இங்கே எடை என்பது வெறும் படகின் எடை அல்ல. 14 அடி ஃபைபர் படகு 120 கிலோ, இரண்டு ஆட்கள் 130 கிலோ, பாட்டரி 30 கிலோ, தீவனம், வலை, பிடித்த மீன் எல்லாம் சேர்த்து 170 கிலோ என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 450 கிலோ. கணக்குப்படி 20 பவுண்டு போதும். ஆனால் இது அலையில்லாத நீருக்கான கணக்கு. ஆனி, ஆடிக் காற்றில் இது எடுபடாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிவிடும்.

உங்கள் ஏரிக்கு எவ்வளவு தேவை என்பதை மீன் நிறுக்கும் தொங்கு தராசைக் கொண்டே அறியலாம். நல்ல காற்றடிக்கும் நாளில், வழக்கமான சுமையுடன் படகை நீரில் விட்டு, ஊன்றிய கழியில் கட்டுங்கள். கயிற்றுக்கு நடுவே தராசை மாட்டுங்கள். அது 8 கிலோ காட்டினால், படகை நகராமல் நிறுத்தவே 18 பவுண்டு வேண்டும். காற்றை எதிர்த்து முன்னேற, அதைப்போல் இரு மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அப்படியானால் 40 முதல் 45 பவுண்டு மோட்டார் பொருத்தமானது.

வாங்கிய மோட்டாரையும் இதே தராசில் சோதிக்கலாம். காற்றில்லாத வேளையில் முழு வேகத்தில் ஓட விட்டால், 45 பவுண்டு மோட்டார் ஏறக்குறைய 20 கிலோ இழுக்க வேண்டும். பெரிய மோட்டார் வாங்கினால் படகு பறக்கும் என்று நினைக்க வேண்டாம். இவை எல்லாமே மெதுவாகச் செல்வதற்கான விசிறி கொண்டவை. கூடுதல் விசை காற்றைச் சமாளிக்கத்தான்.

சுமார் 55 பவுண்டு வரை 12 வோல்ட் பாட்டரி ஒன்று போதும். அதற்கு மேல் 24 வோல்ட். அதாவது இரண்டு பாட்டரி. முழு வேகத்தில் பவுண்டுக்கு ஏறக்குறைய ஓர் ஆம்பியர் மின்சாரம் செலவாகும். 100 ஆம்பியர்-மணி ஈய பாட்டரியில் பாதியைத்தான் எடுப்பது நல்லது. மேலும் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். எனவே 45 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடும். அவசரப்படாதவருக்கு லாபம் உண்டு: வேகத்தைப் பாதியாக்கினால், தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். வேகத்தைப் படிப்படியாக அல்லாமல் சீராகக் கூட்டிக் குறைக்கும் மின்னணு வகை மோட்டாரில்தான் இந்தச் சிக்கனம் முழுமையாகக் கிடைக்கும்.

டிராக்டர் பாட்டரி இதற்கு ஆகாது. அது ஸ்டார்ட் செய்வதற்கானது; அடிக்கடி வடிந்தால் விரைவில் கெட்டுவிடும். இன்வெர்ட்டருக்கான டியூபுலர் பாட்டரி தாங்கும். கனம் அதிகம், அமிலமும் சிந்தும் என்பதால் பெட்டியில் வைத்துப் படகின் அடியில் அசையாமல் கட்ட வேண்டும். லித்தியம் பாட்டரி எடையில் மிகக் குறைவு, விலையில் அதிகம். அதற்குரிய சார்ஜரும் வேண்டும். ஒயரில் சிக்கனம் பார்க்காதீர்கள். 16 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரும், பாட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸும் அவசியம்.

விசிறி நீர்மட்டத்திற்குக் கீழே ஓர் அடியாவது இருக்கும்படி தண்டின் நீளத்தைப் பார்த்து வாங்குங்கள். பாசி மண்டிய ஏரியானால், பாசி சுற்றாத இரண்டு இலை விசிறி நல்லது. வலை நூல் விசிறியின் அச்சில் சுற்றிக்கொண்டால் எண்ணெய் சீலை அறுத்து மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கிவிடும். வாரம் ஒருமுறை, பாட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, விசிறியைக் கழற்றிப் பார்த்து நூலை நீக்குங்கள். மோட்டார் இருந்தாலும் படகில் துடுப்பும், ஆளுக்கொரு மிதவைச் சட்டையும் இருக்கட்டும்.